இதர செலவு

தோட்டத்தில் மரத்தளம் போடுவது பெரிய செலவு பிடிக்கிற வேலை அல்ல. பெங்களூர்க்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். மண்ணில் கட்டைக்கால், காலின்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பலகை, அவ்வளவுதான். சதுர அடிக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் வைத்தால் பதினைந்து வருடம் உழைக்கும்.

ஐயா, நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது கையெழுத்துப் போட. ரைட்டர் டைப் செய்து வைத்திருந்த வாக்குமூலத்தைப் படித்தேன். "தச்சர் மாதையன் (52) என்பவர், தளத்தின் மேலிருந்த பாரத்தை அகற்றும் முன்பே அவசரப்பட்டுக் காலைத் தட்டியதால்" என்று இருந்தது. நான் வாயால் சொன்னதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் 'அவசரப்பட்டு' என்ற இடத்தைத் தாண்டி என் கண் போகவில்லை. அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டேன். நீங்கள் சாப்பிட்டு வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சென்றாயன். வயது நாற்பத்தாறு. செங்கல் சூளையில் பிறந்து, பத்து வயதில் கல் சுமந்து, பதினேழில் சித்தாளாகி, இருபத்தெட்டில் மேஸ்திரியானவன். இப்போது காண்ட்ராக்டர் என்று போர்டு வைத்திருக்கிறேன். என் அப்பாவுக்குக் கல்குவாரியில் இடது கை முழங்கையோடு போனது. குவாரிக்காரர் எட்டாயிரம் ரூபாயும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தார். அப்பா அதற்கும் கும்பிட்டார், மிச்சமிருந்த ஒரு கையால். உங்களுடைய இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஓர் ஆளுக்கு என்ன விலை என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது, அதற்காகச் சொல்கிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, மலையடியில், பானுமதி டீச்சருக்கு நான்தான் வீடு கட்டினேன். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கணவர் இல்லை. ஒரே மகள் பெங்களூரில். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டம் சரிந்து ஓடையில் இறங்கும், எதிரே சித்தேரி மலை. வீடு முடிந்து வெள்ளையடிக்கும்போது போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"சென்றாயா, இது மாதிரி எனக்கு ஒண்ணு வேணும். டெக்குன்னு சொல்றாங்க. சாயங்காலம் உக்காந்து மலையைப் பாக்கணும்."

எங்கள் ஆள் முனியப்பன் எட்டிப் பார்த்தான். "மரத்துல களம் போடறீங்களா டீச்சர்? இதுல ராகி காயப்போட்டா சந்துல எறங்கி எல்லாம் பூமிக்கே போயிடுங்களே."

"உன்ன யாரு ராகி காயப்போடச் சொன்னது? எட்டாவதுல மூணு வருஷம் உக்காந்தியே, அது மாதிரி இதுலயும் வந்து உக்காரு. டீ தரேன்."

"மூணு இல்லீங்க டீச்சர், ரெண்டுதான்."

அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அது மரக்களம்.

இருபது அடிக்குப் பதினாறு அடி. முந்நூற்று இருபது சதுர அடி. எஸ்டிமேட் இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது. பன்னிரண்டு கால்களுக்குக் குழி, கான்கிரீட் அடித்தளம், இரும்புத் தகடு அறுபத்திரண்டாயிரம். காலும் உத்தரமும் தொண்ணூற்றாறாயிரம். தேக்குப் பலகை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். போல்ட்டு, திருகாணி பதினெட்டாயிரம். எண்ணெயும் பாலிஷும் பதினான்காயிரம். கூலி ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஆக ஐந்து லட்சத்துப் பத்தாயிரம்.

எங்கள் பக்கம் எஸ்டிமேட் போடுவதற்கு ஒரு முறை உண்டு. கொடுக்கிறவன் மூன்றில் ஒரு பங்கு ஏற்றிப் போடுவான். வாங்குகிறவர் படிக்காமலேயே மூன்றில் ஒரு பங்கு வெட்டுவார். இரண்டு பேருக்கும் திருப்தி. டீச்சர் கணக்கு டீச்சர், வரி வரியாகக் கேட்பார் என்று பயந்து நான் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. நான் செய்த முதல் தவறு அதுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கூட்டிப் பார்த்தார். "கூட்டல் சரியா இருக்கு. ஆனா எங்கிட்ட நாலு லட்சம்தான் இருக்கு சென்றாயா. வீட்டுக்குப் போனது போக ரிட்டையர்மென்ட் பணத்துல மிச்சம். அதுக்குமேல கெடையாது."

"எதையாவது கொறைக்கணுங்க டீச்சர்."

"எதைன்னு நீயே சொல்லு. எனக்குத் தெரியாததுல நான் கை வைக்க மாட்டேன்."

பதினாறுக்குப் பதினாறு போதும் டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பக்கம் நாலடி குறைத்தால் நான்கு லட்சத்து எட்டாயிரம் வரும். எட்டாயிரத்தை நான் விட்டுக்கொடுத்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் எனக்கு இருபதடி வேண்டியிருந்தது. இந்த ஜில்லாவில் அப்போது யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை. போட்டோ எடுத்து நாலு பேருக்குக் காட்டினால் ரிசார்ட்டுக்காரர்கள் தேடி வருவார்கள். பதினாறடி படத்தில் சின்னதாகத் தெரியும்.

அதனால் கண்ணுக்குத் தெரியாததைக் குறைத்தேன். கான்கிரீட் அடித்தளத்தை முழுதாக விட்டேன். என் குடோனில் சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுத்துப் பழசான தைலமரக் கட்டைகள் கிடந்தன. அவற்றை நேராக மண்ணில் நட்டேன். தரையை ஒட்டி ஒவ்வொரு கட்டையின் கழுத்திலும் ஒரு பக்கெட் சிமெண்டைப் பூசி வளையம் கட்டினேன். மேலிருந்து பார்த்தால் அடியில் நாலடி கான்கிரீட் இருப்பது போலத் தெரியும். அந்த வளையம் தண்ணீரைப் பிடித்துக் கட்டையை இன்னும் சீக்கிரம் இற்றுப்போக வைக்கும் என்பது எனக்குத் தெரியும். தேக்குக்குப் பதில் வத்தல்மலையிலிருந்து சில்வர் ஓக் இறக்கினேன். மிளகுக் கொடி ஏற்றுவதற்கு நடுகிற மரம். வீட்டுக்குள் மேசை செய்யலாம், மழையில் போடக்கூடாது. மேலே தேக்கு நிறத்தில் பாலிஷ்.

நான்கு லட்சத்தில் எனக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் நின்றது.

மாதையன் வந்தது கால்களை நட்ட பிறகு. அவரை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. சித்தேரிக்காரர். மலைமேல் இரண்டு ஏக்கர் சாமைக்காடு, மற்ற நாளில் கீழே தச்சு வேலை. என்னைவிட ஆறு வயது பெரியவர். நான் அண்ணா என்பேன், அவர் மேஸ்திரி என்பார். பதினோரு வருடம் என்னோடு வேலை செய்தார். மரத்தைத் தட்டிச் சத்தம் கேட்டே வயது சொல்லுவார். பலகையைத் தொட்டதும் கேட்டார்.

"மேஸ்திரி, இது தேக்கு இல்லீங்களே. சில்வர் ஓக்கு. மழைக்கு ஆவாதுங்க."

"டீச்சருக்குத் தெரியும்ணா. காசு பத்தல, இதே போடுன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சே போடறாங்கன்னா செரி. காலுக்கு அடியில கான்கிரீட்டு எத்தன அடி எறக்கினீங்க?"

"நாலு."

"அது போதும்."

பொய் சொன்னால் முகத்தில் தெரியும் என்பார்கள். என் முகத்தில் ஒன்றும் தெரியாது. சூளையில் ஏழு வருடம் புகையில் நின்ற முகம்.

வேலை முடிந்த நாளில் டீச்சர் கிடா வெட்டிச் சோறு போட்டார். எனக்கும் மாதையனுக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார். வந்தவர்களிடமெல்லாம் "இது மாதையன் போட்டது" என்றே சொன்னார். மாதையன் கூச்சத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்கே ஆறு பேர் சேர்ந்து, பாலிஷ் போட்ட கிரானைட் பெஞ்சு ஒன்றைத் தூக்கி ஓடைப் பக்கத்து விளிம்பில் வைத்தோம். அரை டன்னுக்குக் குறையாது. அந்தப் பக்கம் தளம் தரையிலிருந்து எட்டடி உயரம்.

மூன்று மழை போனது. இந்தத் தையில், கதவு ஒன்று பிடிக்கிறது என்று டீச்சர் மாதையனைக் கூப்பிட்டிருக்கிறார். கதவைச் சீவிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கும்போது டீச்சர் கேட்டிருக்கிறார், "ஏம்ப்பா மாதையா, தேக்குக்கே இப்படி நிறம் போவுமா?"

மாதையன் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டுத் தளத்துக்கு அடியில் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து நேரே என் குடோனுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேஸ்திரி, உளி வெச்சு அமுக்கினேன். புண்ணாக்குல எறங்கற மாதிரி எறங்குது. ஓடைப் பக்கம் நாலு காலும் கழுத்துல கரையான். சிமெண்டு வளையத்தைப் பேத்துப் பாத்தா அடியில ஒண்ணுமே இல்ல."

நான் கணக்கு நோட்டை மூடி வைத்தேன்.

"டீச்சருக்கு அது தேக்குன்னே நெனப்பு. நீங்க எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க, அவங்ககிட்ட ஒண்ணு சொன்னீங்க. லீவுக்குப் பேத்தி வருது, அதுமேலதான் குதிக்குது. மாதையன் போட்டது, மாதையன் போட்டதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. நான் என்னாங்க பண்றது?"

"பொறுங்கண்ணா. சரி பண்ணிடலாம்."

"சரி பண்றது வேற. சொல்றது வேற. காலை மாத்தலாம். மேல உத்தரம் பூராவும் போயிக்கினு இருக்குது. சொல்லித்தான் ஆவணும்."

காலையும் உத்தரத்தையும் பிரித்து, அடித்தளத்தோடு மறுபடி போட அன்றைய விலையில் எவ்வளவு ஆகும் என்று மனதில் கூட்டினேன். இரண்டு லட்சத்து அறுபதாயிரம். கடன் வாங்கினால் புரட்டக்கூடிய தொகைதான். பணம் மட்டும் என்றால் கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த மாதம் ஓசூரிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்திருந்தார். வத்தல்மலையில் பன்னிரண்டு காட்டேஜ் கட்டப் போகிறவர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மரத்தளம். டீச்சர் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், நேரில் பார்க்க மாசி முதல் வாரம் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வேலை கிடைத்தால் நான் இனி யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

மாதையனிடம் ஓர் ஏற்பாடு சொன்னேன். சனிக்கிழமை ஓடைப் பக்கத்து நாலு காலையும் எடுத்து இரும்புக் குழாய் வைத்துவிடுவோம். மீதியை டீச்சர் ஊரிலிருந்து வந்ததும் சொல்லிப் பிரித்துப் போடலாம். டீச்சர் வெள்ளிக்கிழமை பொம்மிடியில் ரயிலேறி மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தார், ஞாயிறு திரும்புவார்.

"ஞாயித்துக்கெழமையே சொல்லிடுவீங்களா?"

"திங்கக்கெழம ஒருத்தர் பாக்க வராரு. அவர் போனதும் சொல்லிடறேன்."

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இல்லீங்க மேஸ்திரி. அந்தாளும் இதைப் பாத்து ஏமாறக் கூடாதில்ல. டீச்சர் வந்து எறங்கினதும் நானே போய்ச் சொல்லிடறேன். எம்பேர்ல பாதித் தப்பு, அதையும் சேத்துச் சொல்லிக்கறேன்."

குரலை உயர்த்தவில்லை. மிரட்டவில்லை. காசு கேட்கவில்லை. காசு கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

இப்போது சனிக்கிழமை நடந்தது. உங்களிடம் முன்பு சொன்னதில் பெரும்பகுதி உண்மை. காலை ஒன்பது மணிக்கு மாதையனும் நானும் போனோம். கல் பெஞ்சைத் தூக்க வேண்டிய நாலு பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. முனியப்பனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேருக்கும் நானே போன் போட்டு நாளைக்கு வேலை இல்லை என்று சொன்னேன்.

மாதையனிடம் ஆட்கள் டெம்போவில் வருகிறார்கள் என்றேன். அவர் ஓடைப் பக்கம் இறங்கி ஜாக்கியை நிறுத்தினார். ஜாக்கி என்பது சென்ட்ரிங் தகட்டுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் குழாய். உத்தரத்தை அது தாங்கிக்கொள்ளும், பழைய காலைத் தட்டி எடுக்கலாம். ஆனால் ஓடை மண் இளகின மண்.

"மேல கல்லு இருந்தா ஜாக்கி நிக்காதுங்க மேஸ்திரி. கல்லை எடுத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் தட்டறேன்."

"சரிண்ணா."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தளத்துக்குக் கீழே முட்டு எடுக்கிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே இருப்பவன் குரல்தான் அவனுக்குக் கண். கீழே இருப்பவன் "ஆச்சா" என்பான். மேலே இருப்பவன் "ஆச்சு" என்பான். உடனே சம்மட்டி விழும். யாரும் ஏறி வந்து பார்க்க மாட்டார்கள். இரண்டாம் முறை கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் மேலே இருப்பவனை நம்பவில்லை என்று அர்த்தம், அதற்காக வேலையை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். எத்தனையோ ஆயிரம் முட்டுகளை இந்த ஒரு சொல்லை நம்பி எடுத்திருக்கிறோம். ஒருவர்கூட அதில் பொய் சொன்னதில்லை. சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பத்து மணிக்கு மேல், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று கீழே குரல் கொடுத்தேன். தளத்தில் நான் தனியாக நின்றேன். கடப்பாரையைப் பலகைமேல் குறுக்காக வைத்து இழுத்தேன். கல் நகர்கிற சத்தம் போலவே இருந்தது. "பாத்துடா, பாத்து, கால்ல போட்டுக்காத" என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு பலகையிலிருந்து இறங்கி மண்ணில் வந்து நின்றேன்.

கீழேயிருந்து மாதையன் கேட்டார். "கல்லு ஆச்சுங்களா?"

"ஆச்சு."

சம்மட்டி விழவில்லை. கொஞ்சம் நேரம் எடுத்தது. உத்தரத்தில் பாரம் குறையாததை அவர் பார்த்திருக்க வேண்டும். மரத்தைத் தட்டியே வயது சொல்பவர் என்றுதான் சொன்னேனே. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் இரண்டாம் முறை கேட்டார்.

"மேஸ்திரி, ஆச்சுங்களா?"

ஐயா, அந்த இடத்தில் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. இல்லைண்ணா, இன்னும் ஒரு பக்கம் இருக்குது, வெளியே வாங்க என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது கோபம். என்னை நம்பாமல் இரண்டாம் முறை கேட்கிறாரே என்ற கோபம். அது உண்மையான கோபம், நடிப்பில்லை. இதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை.

"ஆச்சுன்னு சொல்றனில்ல."

"கோச்சுக்காதீங்க" என்றார். அப்புறம் சம்மட்டிச் சத்தம் மூன்று முறை கேட்டது.

தளம் விழுந்தபோது மணி பத்து பத்து. நூற்றெட்டுக்கு நான் போன் போட்டது பத்து நாற்பது, அது உங்கள் பேப்பரிலும் இருக்கிறது. விழுந்த நேரம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் இரண்டையும் பத்து நாற்பது என்றே எழுதிக்கொண்டீர்கள். அந்த அரை மணி நேரம் நான் ஓடிவிடவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு அவர் இடுப்பின்மேல் கிடந்தது. தண்ணீர் கேட்டார், பாட்டிலைச் சாய்த்து வாயில் ஊற்றினேன், கொஞ்சம் குடித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு நின்ற பிறகு போன் போட்டேன்.

அன்றைக்குத்தான் அந்த எண்ணம் வந்தது, ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது, இதோடு சேர்த்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் குடோனில் உட்கார்ந்து எழுதியது. எந்த வேலைக்கும் முதல் நாள் நான் எஸ்டிமேட் எழுதுவேன், கை பழகிவிட்டது. இரும்புக் குழாய் நாலு, பதினோராயிரம். ஜாக்கி வாடகை அறுநூறு. புதுப் பலகை, போல்ட்டு, கூலி, எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் விழுந்தால் தச்சன் தவறு என்று சொல்லித் திரும்பக் கட்டிவிடலாம், மாதையன் வாய் திறந்தால் எதையும் கட்ட முடியாது. கடைசி வரியைப் பாருங்கள். இதர செலவு, மூன்று லட்சம் என்று இருக்கும். மாதையன் பெயரை எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. ஆனால் யாருக்குக் கொடுக்கப் போகிற மூன்று லட்சம் என்று அதை எழுதும்போதே எனக்குத் தெரியும். முதலில் இரண்டு என்று போட்டு, அடித்து, மூன்று ஆக்கியிருக்கிறேன். அடித்தது தெரியும்.

எட்டாவது நாள் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு சித்தேரிக்குப் போனேன். அவர் மனைவி சாலம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் என்ன புடைக்கிறது என்று எவனோ கேட்டான். "வயித்துக்கு யாரு சொல்றது, நீ சொல்றியா" என்று அவனை அனுப்பிவிட்டு எனக்குப் பாய் போட்டார். பணத்தை வாங்கி எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டார். பெரிய மகளுக்கு நிச்சயம் பண்ணியிருந்தது, வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. பிறகு கேட்டார்.

"கீழ எல்லாரும் பேசிக்கறாங்க, மாதையன் அவசரப்பட்டுத் தட்டிட்டான்னு. எம்மவளைக் கட்டப்போற வூட்டுலயும் அதையே சொல்றாங்க. அவுரு அவசரக்காரரு இல்லீங்க மேஸ்திரி. ஒரு ஆணி அடிக்க மூணு தடவ அளப்பாரு. மேல இருந்து ஆச்சுன்னு கொரல் வராம அவுரு தட்டவே மாட்டாரு."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நீங்க தெரியாம சொல்லியிருப்பீங்க. அவுரு வேற எதையோ கேக்கறாருன்னு நெனச்சு வாயில வந்திருக்கும். அது யாருக்கும் வர்றதுதான். நான் உங்கமேல கேசு கொடுக்க மாட்டேன், இந்தப் பணத்துமேல சத்தியம். ஆனா நான் சொன்னேன், அதான் தட்டினாருன்னு நாலு பேர்கிட்ட ஒரு வார்த்தை ஒத்துக்குங்க. அவுரு வேலையில தப்பில்லன்னு ஆவட்டும். எனக்கு அது போதுங்க."

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நெல்லிக்காய் ஒரு பை கட்டிக் கொடுத்தார்.

ஓசூர்க்காரருக்கு விஷயம் தெரியும். தச்சன் செய்த தவறுதான், உங்கள்மேல் ஒன்றுமில்லை என்று போலீஸ் பேப்பர் வரட்டும், வேலை உங்களுக்குத்தான் என்றிருக்கிறார். நீங்கள் நீட்டிய வாக்குமூலம்தான் அந்தப் பேப்பர். நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த வாரம் அட்வான்ஸ் வந்திருக்கும். ஐந்து வாரமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். பேனாவைக் கையில் எடுத்த பிறகு, மாதையன் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு காத்திருந்த நேரம் என் காதுக்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே எழுதித் தருகிறேன். மாதையன் அவசரப்படவில்லை. கல்லை எடுத்தாகிவிட்டது என்று நான் இரண்டு முறை சொன்னேன். கல் இருந்த இடத்திலேயே இருந்தது எனக்குத் தெரியும். அவர் அடியில் நிற்பதும் தெரியும். அவர் சாக வேண்டும் என்றே சொன்னேன். பானுமதி டீச்சருக்கு இதில் ஒன்றும் தெரியாது. முனியப்பனுக்கும் மற்றவர்களுக்கும் தெரியாது. என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

கோர்ட்டில் எதை வேண்டுமானாலும் படியுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். சாலம்மாளிடம் நீங்கள் சொல்லும்போது, மேஸ்திரி தெரியாமல்தான் சொல்லிவிட்டார் என்றே சொல்லுங்கள். மலைமேல் இருப்பவர், கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டார், பேப்பர் படிக்கமாட்டார். புருஷனைப் பறிகொடுத்த பெண் இதையும் எப்படித் தாங்குவார். எனக்காகக் கேட்கவில்லை ஐயா, அவருக்காகத்தான் கேட்கிறேன்.